சகலை போட்ட வளையங்கள்

ஒருவனுடைய காரைப் பார்த்தோ, வீட்டைப் பார்த்தோ, ஐம்பது வயதிலும் உதிராத தலைமுடியைப் பார்த்தோ பொறாமைப்படுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். நான் பொறாமைப்பட்டது ஒரு கோழிக்கூண்டில் கம்பி வலையைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் சின்ன வளையத்தைப் பார்த்து. கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். கடைகளில் அதற்குப் பெயர் சி ரிங். ஆங்கில எழுத்து சி மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அதற்கென்றே உள்ள பிளையரில் வைத்து அழுத்தினால் வாயை மூடிக்கொண்டு, வலையையும் சட்டக் கம்பியையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. பெரிய பெரிய பேரரசுகளெல்லாம் எப்படிச் சரிந்தன என்று கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற ஒருவன் இதைப் பார்த்து வயிறெரிய வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லைதான். ஆனால் எரிந்தது.

அந்த வளையங்களைப் போட்டவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டராக இருக்கிறார். குறிப்பாகச் சொன்னால், கோணல் பற்களை நேராக்கக் கம்பி கட்டுகிறவர். அவரிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து முயன்றுவருகிறேன். ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவராக இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. என்னை வாய் நிறைய "அண்ணா" என்பார். நான் பத்திரிகைகளில் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளை வெட்டி எடுத்து, கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் கோப்பாக வைத்திருக்கிறார். பல்வலியோடு வருகிறவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். இதுவரை யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

விஷயம் எங்கள் மாமனாரின் கோழிகளிலிருந்து தொடங்கியது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. தோப்புக்குள் மேய்ந்து திரிகிற நாட்டுக்கோழிகள். உயிரோடு இருந்தவரை மாமியார்தான் வளர்த்தார். வெளியிலிருந்து ஒரு கோழி வாங்கியதில்லை. எல்லாம் அவர் அடை வைத்துப் பொரித்த வம்சம். மாமியார் காலமான பிறகு மாமனார் பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. குனிய முடியாது, கோழியின் பின்னால் ஓட முடியாது. ஆகவே ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு மகள்களில் யார் வீட்டில் பத்திரமான அடைப்பு இருக்கிறதோ அங்கே கோழிகளை விடுவது. இரண்டும் சரிப்படாவிட்டால் சந்தைக்கு வரும் வியாபாரியிடம் கொடுத்துவிடுவது. வியாபாரி அவற்றை எங்கே கொண்டுபோவார் என்று விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"அம்மா கையில தீனி தின்ன கோழிங்க. கறிக்கடைக்குப் போச்சுன்னா எனக்குத் தாங்காதுங்க."

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் போய், எனக்குக் கொடுங்கள் என்று கேட்கவும் மாட்டாள். அவர்கள் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. கேட்டால் மற்றவர் மறுக்க முடியாமல் சங்கடப்படுவாராம். ஆகவே கூண்டுதான் பேச வேண்டும். கூண்டைப் பேசவைக்க வேண்டியவன் நான்.

அந்த விஷயத்தில் மாமனாருக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. காரணமும் உண்டு. இதற்கு முன் ஒரு ஜோடி இளம் வெடைக்கோழிகளைக் கொடுத்தனுப்பினார். நான் பீளமேட்டு வீட்டின் பின்பக்கம் கம்பி வலை அடித்து, அதைக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டைகளால் இழுத்துக் கட்டினேன். கறுப்பாக, வரிசையாக, பார்க்க வெகு நவீனமாக இருந்தது. ஒரு கோடை வெயில் அடித்தது. பட்டைகள் வறுத்த அப்பளம் ஆயின. ஒருநாள் தெருநாய் ஒன்று விளையாட்டாகத் தலையால் முட்ட, படபடவென்று தெறித்து வலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். மாமனார் கேள்விப்பட்டு, "பரவாயில்லீங்க மாப்பிள்ளை, நாய்க்கும் பசிக்குமல்லங்க" என்றார். அந்தக் குடும்பத்தின் மரியாதையில் இதைவிடக் கடுமையான கண்டனத்துக்கு இடமில்லை.

இந்த முறை உஷாராக இருந்தேன். வீட்டின் முன்பக்கத்தில் இடம் ஒதுக்கி, தெருக்கோடியில் உள்ள வெல்டிங் பட்டறையில் மெல்லிய இரும்புக் கம்பியால் சட்டம் செய்யச் சொல்லி, நல்ல வலையாக வாங்கி, அதைக் கட்டுக்கம்பியால் சட்டத்தோடு முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்கு இரும்பு கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே கம்பிதான். நாய் முட்டினாலும் தாங்கும். ஆனால் நான் முறுக்கிய முடிச்சுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நீட்டிக்கொண்டு, எண்ணெய் வைக்காத தலை மாதிரி இருந்தன. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதாவது, ஆர்.எஸ்.புரத்திலிருந்து கொழுந்தியாள் போன் செய்யும்வரை.

"மாமா, ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வந்துருங்க. கூண்டுக்குப் பால் காய்ச்சறோம்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கூண்டின் வாசலில் நிஜமாகவே கோலம். மாவிலைத் தோரணம். சின்ன அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர் சுவர்க் கடிகாரம்கூடக் கொண்டுவந்திருந்தார். கோழிகளுக்கு எதற்கு நேரம் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் சகலை, "முட்டை போட லேட்டாச்சுன்னா காட்டலாமுங்கண்ணா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவைப்பது என் தொழில். அவர் பல்லைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே.

பிறகு கூண்டைப் பார்த்தேன்.

நாலு பக்கமும் சட்டக் கம்பியை ஒட்டி சி ரிங்குகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே இடைவெளி. எல்லாம் ஒரே சாய்வில், ஒரே இறுக்கத்தில், வெளிப்பக்கம் வழவழவென்று வளைந்து பளபளத்துக்கொண்டிருந்தன. கம்பி கட்டிய பல்வரிசையேதான். கூண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

"சும்மா ஒரு முயற்சிங்கண்ணா. நீங்கதான் பார்த்துக் குறை சொல்லோணும்" என்றார் சகலை.

குறை தேடித்தான் கூண்டைச் சுற்றி வந்தேன். பால் காய்ந்து, ஆறி, டம்ளரில் என் கைக்கு வரும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

"உங்களுக்கு இது எப்படிப் பழக்கம்?" என்று கேட்டேன்.

"பல்லுக்குப் போடறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்கண்ணா. முன்னால நின்னு போட வேண்டியதுதான். இதுல ஒரு சௌகரியம், வாயைத் திறங்கன்னு கெஞ்ச வேண்டியதில்லை."

மறுபடியும் சிரிப்பு. என் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். பிறகு வளையங்களின் மேல் ஒரு விரலை வைத்து, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள்.

"ஏனுங்க, பாருங்களேன். ஒண்ணுகூடக் கோணல் இல்லீங்க."

எங்கள் இல்லறத்தில் நான் மாட்டிய கொக்கிகள், பொருத்திய கைப்பிடிகள், ஒட்டிய மிக்ஸி மூடிகள் ஏராளம். அவற்றை அவள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பார்க்கும் பார்வை. இந்த விரல் ஓட்டம் எனக்குப் புதிது.

பொறாமையை மறைக்க நம்மூரில் ஒரு வழி உண்டு. அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடுவது. நானும், "அட்டகாசங்க. எங்க கூண்டுக்கும் இப்படிப் போட்டாத்தான் கூண்டு மாதிரி இருக்கும் போல" என்றேன். இப்படிச் சொன்னால், "உங்களுதுக்கு என்னங்கண்ணா குறைச்சல்" என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். கோயம்புத்தூரில் பிறந்த எவருக்கும் இந்த முறை தெரியும். சகலைக்கும் தெரியும். ஆனால் அவருடைய மரியாதை நம்முடைய மரியாதையைவிட ஒரு படி மேலே.

"அதுக்கென்னங்கண்ணா, நாளைக்கே வாரேன்" என்றார்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"சிரமம் என்னங்கண்ணா இருக்குது. அண்ணனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?"

சொன்னபடி மறுநாள் வந்தார். வெள்ளைச் சட்டையோடு, ஸ்பிரிங் வைத்த பிளையரோடு. என் முடிச்சுகளைப் பார்த்தார். நோயாளியின் வாயைப் பார்த்து அதிர்ச்சியைக் காட்டாமலிருக்கப் பழகிய முகம் அவருக்கு. "பலமாத்தான் இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, வாசல் பார்த்த பக்கத்தில் என் கட்டுக்கம்பிகளை வெட்டி எடுத்துப்போட்டுவிட்டு, வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். டிக், டிக், டிக். என் மனைவி காபி கொண்டுவந்தாள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வளையமாக எடுத்துக்கொடுத்தாள். எனக்கு இதுவரை எந்த வேலையிலும் அவள் ஆணி எடுத்துக்கொடுத்தது கிடையாது. ஆம்புலன்ஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு பக்கம் முடிந்ததும் அவருக்கு கிளினிக்கிலிருந்து அழைப்பு. ஏதோ ஒரு கல்லூரி மாணவிக்கு முறுக்கு கடித்துக் கம்பி அறுந்துவிட்டதாம். "மிச்சத்தை அடுத்த வாரம் வந்து போட்டுத் தாரேனுங்கண்ணா" என்று கிளம்பிவிட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கூண்டின் ஒரு பக்கம் அவர் வேலை. மூன்று பக்கம் என் வேலை. பால்காரர் வந்தார், அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து, "சார், இந்தப் பக்கம் பிரமாதமுங்க" என்றார். கொரியர் கொண்டுவந்தவர் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவர் பழைய மில் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் மேற்பார்வையை விடாதவர். "இந்த ஒரு பக்கம் மட்டும் ஆள் வெச்சுப் பண்ணீங்களாக்கும்?" என்றார்.

அடுத்த வாரம்வரை இதைத் தாங்க முடியாது. மாமனார் கூண்டைப் பார்க்க வரும்போது மூன்று பக்கமும் என் கையால் சி ரிங் போட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, உக்கடம் பக்கம் ஒரு பழைய ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் பல வருடப் பழக்கம். என்னைக் கண்டதுமே கட்டுக்கம்பிச் சுருளை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது வேண்டாங்க பாய். சி ரிங்கும் பிளையரும்."

"அட, இப்ப இது ஓடுது போல இருக்குதே. போன வாரம் ஒரு டாக்டரு வந்து வாங்கிட்டுப் போனாருங்க. எத்தனை மரியாதைங்கறீங்க! பிளையரை வாங்கி ரெண்டு அமுக்கு அமுக்கிப் பார்த்தாரு. அந்தக் கையைப் பார்த்தே சொல்லிட்டேன், வேலை தெரிஞ்ச கைன்னு."

"ஸ்பிரிங் வச்ச பிளையர் இருக்குதுங்களா?"

"இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதை அவர் கொண்டுபோயிட்டாரு. ஸ்பிரிங் இல்லாதது இருக்குதுங்க சார். கையில கொஞ்சம் பலம் இருந்தாப் போதும்." என் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு கையுறையும் சேர்த்து எடுத்துக்குங்க."

ஊரில் எத்தனையோ கடை இருக்க, அந்த மனிதர் இங்கேயுமா எனக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, மூன்று பக்கமும் என் கட்டுக்கம்பிகளை வெட்டிப்போட்டுவிட்டு வேலையைத் தொடங்கியபோது சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் மில் மேனேஜர் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். என்னுடைய முதல் வளையம் பிளையரிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது. "மெதுவாங்க" என்றார். இரண்டாவது வளையம் வலையைக் கவ்வியது, சட்டத்தை விட்டுவிட்டது. "சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கோணும் போல" என்றார். மூன்றாவதற்குள் எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்குள் போய் மனைவியின் பழைய சேலை ஒன்றை எடுத்துவந்து, கூண்டுக்கு வெளியே மூன்று பக்கமும் திரை மாதிரி கட்டிவிட்டு, நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். இனி யார் பார்க்கிறார்கள், பார்ப்போம்.

கோழிக்கென்று அளவெடுத்த கூண்டு. தலை நிமிர்த்தினால் மேல் கம்பி இடிக்கும். குந்தவைத்துக்கொண்டு, தவளை மாதிரி நகர்ந்து நகர்ந்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு வளையமாக அழுத்தினேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, உள்ள என்னங்க நடக்குது?"

"கூண்டு வேலைங்க."

"வலைக்கு உள்ள நீங்க, வெளிய வேலையா? பொதுவா வெளிய ஆளு, உள்ள கோழிம்பாங்க."

"கோழி இன்னும் வரலீங்க."

"அதுவரைக்கும் நீங்க இருக்கீங்களாக்கும். சரி சரி, நடக்கட்டும்."

முடித்து வெளியே வந்தபோது இடுப்பு நிமிரவில்லை. வளையங்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே, சில பாதி வாய் மூடியபடி. கல்லூரிச் சுற்றுலாவில் எடுக்கிற குழுப் புகைப்படம் மாதிரி, ஒருவர் பார்த்த பக்கம் இன்னொருவர் பார்க்கவில்லை. ஆனால் எல்லாம் பிடித்திருந்தன. இழுத்துப் பார்த்தேன், உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. சேலையை அவிழ்க்கப் போனபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. அதுவும் அசையவில்லை. ஒவ்வொரு வளையத்தின் கூர்முனையும் வெளிப்பக்கம் வந்து சேலையைக் குத்திப் பிடித்திருந்தது. மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள்.

"கூண்டுக்குச் சேலை கட்டித் தெச்சே போட்டீங்களா?"

"பழசுதானே."

"பழசுன்னு யார் சொன்னது?" என்றபடி நூல் நூலாக வெட்டி எடுத்தாள். அங்கங்கே ரோஸ் நிறத் துணுக்குகள் மிச்சமிருந்தன. பிறகு என் மூன்று பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள், சகலை போட்ட பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அப்பா வந்து என்ன சொல்வாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான். கூடவே, சொல்வதை சகலையின் எதிரில் சொல்லிவிடுவாரோ என்ற பயமும்.

மாமனார் வந்த அன்று காலையில் முதலில் ஆர்.எஸ்.புரம் போய்ப் பார்த்துவிட்டு, சகலையின் காரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். சகலை இறங்கக்கூட இல்லை. "கிளினிக்ல ஆள் காத்திருக்காங்கண்ணா, சாயந்தரம் வாரேன்" என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார். மாமனாரின் வலது கை ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒரு கட்டு. பஞ்சு வைத்து, பிசிறில்லாமல் சுற்றிய கட்டு. யார் போட்டது என்று கேட்கத் தேவையில்லை. எனக்கு அந்தக் கட்டைப் பார்த்தும் எரிந்தது.

"என்னாச்சுங்கப்பா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல கண்ணு. கார் கதவுல லேசாப் பட்டுருச்சு."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராகக் கூண்டுக்குப் போனார். வெளியிலிருந்து ஒன்றும் பார்க்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி, முதுகை வளைத்து உள்ளே ஒரு அடி வைத்து நின்றுகொண்டு, இடது புறங்கையை வலைமேல் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம். அடுத்த பக்கம். மூன்றாவது. ரோஸ் நிறத் துணுக்குகள் காற்றில் ஆடின. நான்காவது பக்கம், அந்தப் பளபளப்பான பக்கம் வந்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் யாருங்க போட்டது?"

"தங்கச்சி ஊட்டுக்காரருங்கப்பா" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையாக. "மத்ததெல்லாம் இவரு."

"அதானே." புறங்கையைப் பார்த்துக்கொண்டார். கீறல். பிறகு கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். "இதும் அங்க உள்ள தடவிப் பார்த்தப்ப மாட்டுனதுதான் கண்ணு. அவருகிட்ட எப்படிச் சொல்றது? அத்தனை ஆசையாப் பண்ணியிருக்காரு. கார் கதவுன்னு சொல்லிப்போட்டேன்."

நான் குனிந்து பார்த்தேன். வெளியே அவ்வளவு வழவழப்பாக இருந்த வளையங்களின் முனைகளெல்லாம் உள்ளே, முள்வேலி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பிளையரை எந்தப் பக்கம் நின்று அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் வளையத்தின் முதுகு வரும். முனை எதிர்ப்பக்கம் போகும். சகலை வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மானத்துக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்தேன்.

"கோழி வெளியவாங்க மாப்பிள்ளை இருக்கப்போகுது? உள்ளதானே. கொண்டையைக் கிழிச்சுப்போடும், ரெக்கையில மாட்டும்" என்றார் மாமனார். பிறகு என்னை ஒரு புது மாதிரியாகப் பார்த்தார். "உள்ள நின்னு போடோணும்னு உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?"

மனைவி வலையில் சிக்கியிருந்த ஒரு ரோஸ் துணுக்கைப் பிடுங்கினாள். என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் நான் காலி.

"அவரு எப்பவும் யோசிச்சுத்தானுங்கப்பா செய்வாரு" என்றாள்.

"கோழி இங்கயே இருக்கட்டும்" என்றார் மாமனார். "அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டுருங்க."

மனைவி காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். வெகு நேரம் பாத்திரச் சத்தமே வரவில்லை. பிறகு கண்ணைத் துடைத்த முகத்தோடு வந்து, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். அப்பா வந்திருக்கும்போது அவள் அப்படிச் செய்ததில்லை. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்பதை இங்கே எழுதினால் அடக்கமில்லாதவன் என்பீர்கள்.

மாமனார் இரண்டு வேலை மிச்சம் வைத்தார். "சேவல் மட்டும் சின்னவ ஊட்டுக்குப் போகட்டுங்க. எல்லாத்தையும் ஒருத்திக்கே குடுத்தா நல்லாருக்காது, எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். அது முதல் வேலை. இரண்டாவது: "அவருகிட்ட அந்த முனை விஷயத்தை நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க மாப்பிள்ளை. எனக்கு வாய் வராது."

எனக்கு வாய் வரும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஆனால் சரியான ஆளிடம்தான் சொன்னார். அன்று சாயங்காலம்வரைகூடப் பொறுக்க முடியாமல், நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்துக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். வருத்தம் தோய்ந்த குரல், தோளில் ஒரு கை, "எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க" என்ற ஒரு பெருந்தன்மை. ஒரு சிக்னலில் சத்தமாகவே சொல்லிப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடும் என்று காத்திருந்தேன். சகலை நெற்றியில் அடித்துக்கொண்டு, நாற்காலி ஆட, விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணா! கம்பி முனை உள்ள கன்னத்தைக் குத்தாம மடக்கோணும்னு தெனம் நாந்தானுங்க அசிஸ்டென்டைத் திட்டறேன்! என் கூண்டுலயே மறந்துபோட்டேன் பாருங்க! மாமா விரலு! கார் கதவாமா!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர், கதவைத் திறந்து காத்திருந்தவர்களிடமே போய்ச் சொன்னார். "இவருதானுங்க எங்க அண்ணன். அந்தக் கட்டுரையெல்லாம் எழுதறவரு. கோழிக்கூண்டுக்கு உள்ளயே உட்கார்ந்து ரிங் போட்டிருக்காரு. எத்தனை பேருக்குத் தோணும்?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் கட்டுரைகளுக்குச் சிரிக்காத அதே ஆட்கள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர்கூடச் சிரித்தார்.

தோற்றுப்போவதில்கூட என்னைவிட நேர்த்தி. இந்த மனிதரை நான் என்னதான் செய்வது? தோளில் வைக்கக் கொண்டுபோன கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இரண்டொரு நாளில் அவர் தன் கூண்டின் வளையங்கள் அத்தனையையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டு முடித்தார். அதே இடைவெளி, அதே சாய்வு, இந்த முறை முனைகள் வெளியே. குந்தியிருந்ததால் இடுப்புப் பிடித்ததாகக்கூடத் தகவல் இல்லை. வீடியோ எடுத்து அனுப்பினார். என் மனைவி அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். எங்கள் நான்காவது பக்கத்தையும் அவரே வந்து திருப்பிப் போடுவதாகச் சொன்னார். நானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். போட்டேன். இப்போது கூண்டின் நாலு பக்கமும் ஒரே மாதிரி கோணலாக இருக்கிறது. மனசுக்கு இதமாக இருக்கிறது.

கோழிகள் கூடையில் வந்து இறங்கிய அன்று மனைவி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "இது அந்தச் சாம்பக்கோழியோட பொண்ணு, இது அதும் பேத்தி" என்று எனக்கு உறவுமுறை சொல்லிக்கொடுத்தாள். காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறாள். கேழ்வரகைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு கோழிகளைக் கூப்பிடுகிறாள். அவள் அம்மா கூப்பிடுவது போலவே இருக்கிறது என்று மாமனார் போனில் கேட்டுவிட்டுச் சொன்னார். அந்த விஷயத்தில் எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம்கூட இல்லை என்று சொல்ல முடியாது; என்னை எழுப்புகிற குரல் வேறு.

ஆனால் ஒரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. கோழி இங்கே, சேவல் ஆர்.எஸ்.புரத்தில். முட்டை வருகிறது, குஞ்சு வராது. வம்சம் வம்சமென்று இத்தனை பாடுபட்டது குஞ்சுக்காக அல்லவா? வேறு சேவல் வாங்கலாம் என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டேன். சகலையிடம் சேவலைக் கேட்கலாம் என்றால், அதைக் கேட்கிற குடும்பம் இது இல்லை. அவருக்கே எப்படியோ புரிந்து, "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நானே கூட்டியாந்துடறேனுங்கண்ணா, அதுக்கும் ஒரு அவுட்டிங்" என்றார்.

ஆகவே இப்போது எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்கள் வாசலில் அந்தக் கார் வந்து நிற்கிறது. முன் சீட்டில் சகலை, பின் சீட்டில் துண்டு விரித்து சேவல். நல்ல செங்கறுப்பு, வால் வில்லாக வளைந்திருக்கும், கொண்டையில் ஒரு கீறல் கிடையாது. ஹாரன் சத்தம் கேட்டதும் கோழிகள் எல்லாம் தீனியை விட்டுவிட்டு வலையோரம் ஓடிவந்து, நான் போட்ட வளையங்களுக்கு இடையே கழுத்தை நீட்டி நிற்கின்றன. தினமும் தண்ணீர் வைப்பவன் நான், கூண்டைக் கூட்டுபவன் நான். எனக்காக ஒன்றாவது தலையைத் தூக்கியதுண்டா?

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மில் மேனேஜர், "ஏனுங்க, உங்க ஊட்டு மாப்பிள்ளை வந்துட்டாரு" என்கிறார். எந்த மாப்பிள்ளையைச் சொல்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை.

"கதவைத் தொறங்க, சேவலை வெச்சுக்கிட்டுக் கை கடுக்க நிக்கறாரல்ல அவரு" என்று சமையலறையிலிருந்து மனைவி அவசரப்படுத்துகிறாள். உள்ளே இரண்டு தட்டில் பணியாரம் தயாராகிறது. அடை வைக்க முட்டைகளைத் தனியாக ஒரு கூடையில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

போய்க் கதவைத் திறக்கிறேன்.